சூரியனா, வாயுவா? மொரீஷியஸ் வெயிலை வைத்து ஒரு விவாதம்

5 ஜனவரி 2025. மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

நேற்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்த நாள். தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலையில் இதுவே 15 கோடியே 21 லட்சம். ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருங்கியிருக்கிறோம், நமக்கு உச்சிக் கோடையும் வந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? வெயிலைக் கூட்டுவதும் குறைப்பதும் சூரியன்தான். காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்கு இருக்கிற கரியமில வாயுதான் பூமியைச் சூடேற்றுகிறது என்று வருடா வருடம் மாநாடு போடுகிறார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

5 ஜனவரி, இரவு

ஐயா, தூரக் கணக்கு சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் இடிக்கிறது. அதே நேற்று கனடாவில் பனி கொட்டுகிறது, கோயம்புத்தூரில் எங்கள் வீட்டில் மார்கழிக் குளிருக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தூரம்தான் காரணம் என்றால் அவர்களுக்கும் வியர்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. பூமி முழுவதற்கும் சேர்த்துச் சராசரி வெப்பநிலை போட்டால் ஜனவரியைவிட ஜூலைதான் சூடு, கிட்டத்தட்ட நாலு டிகிரி வித்தியாசத்தில். அதாவது சூரியனிலிருந்து மிகத் தள்ளி இருக்கும்போதுதான் பூமி மொத்தத்தில் அதிகம் காய்கிறது. காரணம் வடக்கே நிலம் அதிகம், தெற்கே கடல் அதிகம். நிலம் சீக்கிரம் சுடும், கடல் அசைந்தே கொடுக்காது.

விண்வெளியில் ஒரு சதுர மீட்டருக்கு இப்போது வரும் கதிர் 1,408 வாட் அளவில் இருக்கும், ஜூலையில் 1,317. ஏறக்குறைய 7 சதவீதம் வித்தியாசம். வடக்கத்திக்காரர்களின் கோடையைவிட நம் கோடைக்கு 7 சதவீதம் அதிக வெயில் வருகிறது. அதைச் சுற்றியுள்ள கடல் வாங்கி வைத்துக்கொள்கிறது.

6 ஜனவரி

நான் இதில் பேராசிரியர் இல்லை. வீட்டு மாடிகளில் வெயிலில் இயங்கும் வெந்நீர்க் கருவி, அதாவது இங்கே எல்லாரும் சொல்கிற சோஃபோ சொலேர், பொருத்துகிற ஆள். ஆனால் சூரியன் எந்தப் பக்கம் போகிறான் என்பதில் எங்களுக்குத் தப்பு நடந்தால் வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டிவிடுவார், அதனால் பழக்கம் உண்டு.

கோயம்புத்தூரில் வெயிலை வாங்கும் தகட்டைத் தெற்குப் பார்த்துச் சாய்ப்போம். இங்கே வடக்குப் பார்த்து, சுமார் 20 டிகிரி. ஊரிலிருந்து புதிதாக வந்த ஆட்கள் பழக்கத்தில் தெற்கே திருப்பிவிடுவது உண்டு. தமாஷ் என்னவென்றால் டிசம்பரில் அந்தத் தகடும் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் சூரியன் உச்சிக்கு நேராக, சற்றே தெற்கில்கூட இருப்பான். புகார் ஜூன் மாதம்தான் வரும். அப்போது நண்பகலில்கூட சூரியன் வடக்கே 46 டிகிரி உயரத்தோடு சரி. வடக்குப் பார்த்த தகடு நேர் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கும். தெற்குப் பார்த்தது பாதிகூட வாங்காது.

அதே கதிர், அதே தகடு. திரும்பியிருக்கும் பக்கம் மட்டும் வேறு. பூமி 23.4 டிகிரி சாய்ந்து சுற்றுவதால் நமக்குப் பருவம் வருவதும் இதே காரணத்தால்தான், ஐயா. அந்த 7 சதவீதத்தால் அல்ல.

9 ஜனவரி

தலைநகர் போர்ட் லூயியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்போ எல்லாம் சூரியனோட கோணம்தானே அண்ணா, ஐயா சொன்னது பாதி சரிதானே?"

பருவத்துக்குக் கோணம். ஆனால் பூமி மொத்தமாக எந்த அளவுச் சூட்டில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்குப் பேப்பர் பேனா போதும்.

சூரியனிடமிருந்து சதுர மீட்டருக்குச் சராசரி 1,361 வாட். பூமி உருண்டை, பாதி எப்போதும் இருட்டு, ஓரங்களில் சாய்வான வெயில். நாலால் வகுத்தால் 340. அதில் மேகம், பனி, மணல் எல்லாம் சேர்ந்து 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. மீதி 240. வாங்கிய 240-ஐத் திருப்பி வெளியே விட்டால்தான் கணக்கு நேராகும். சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விடும். 240 வாட் விடுகிற பொருளின் வெப்பநிலை என்ன என்று பார்த்தால் மைனஸ் 18 டிகிரி வருகிறது.

மைனஸ் 18. ஐஸ்கிரீம் கடைப் பெட்டி. நிஜத்தில் பூமியின் தரைச் சராசரி 15 டிகிரி பக்கம். இடையில் இருக்கிற 33 டிகிரியைச் சூரியன் கூடுதலாகக் கொடுக்கவில்லை, கொடுத்ததைத்தான் முழுக்கக் கணக்கில் சேர்த்துவிட்டோமே. காற்றில் இருக்கிற சில வாயுக்களின் வேலை அது.

நிலாவைப் பாருங்கள். சூரியனிலிருந்து நாம் இருக்கிற அதே தூரம். காற்று இல்லை. பகலில் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130.

10 ஜனவரி

"மைனஸ் 18-ஐ யார் பார்த்தது?" என்று ஒரு கேள்வி. செயற்கைக்கோள் பார்த்தது. விண்வெளியிலிருந்து பூமி விடும் அகச்சிவப்பை அளந்தால் சராசரி அந்த 240 வாட்தான் வருகிறது. வெளியே நின்று பார்ப்பவனுக்கு நாம் மைனஸ் 18-தான்.

18 ஜனவரி

வேலை நெருக்கடி. இப்போதுதான் இந்தப் பக்கம் வர முடிந்தது. பத்தாயிரத்தில் நாலு பங்கு விஷயம்.

காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டும் இரண்டிரண்டு அணு சேர்ந்த மூலக்கூறு, இரண்டு பக்கமும் ஒன்றே. அகச்சிவப்புக் கதிர் இவற்றின் ஊடாகத் தடையில்லாமல் போய்விடும். மூன்று அணு உள்ள நீராவி, கரியமில வாயு, ஐந்து அணு உள்ள மீத்தேன் போன்றவை வளைந்து நெளிந்து அதிரக்கூடியவை, அதனால் அந்தக் கதிரை விழுங்கும், விழுங்கியதைத் திரும்ப எல்லாத் திசையிலும் விடும், கீழேயும் சேர்த்து. ஆக, இந்த வேலையில் கலந்துகொள்ளாத 99 சதவீதத்தைச் சேர்த்து வைத்துச் சதவீதம் போடுவதில் அர்த்தம் இல்லை. அவற்றைத் தள்ளிவிட்டால் போட்டியில் நிற்பது சில வாயுக்கள் மட்டுமே. அவற்றில் கரியமில வாயு சின்னப் புள்ளி கிடையாது.

இதை நேற்று மாநாடு போட்டவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுவை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறுவதற்கும் அதிக நேரம் எடுத்தது. 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் இன்னும் நுணுக்கமான கருவி செய்து, எந்த வாயு வெப்பக் கதிரை விழுங்குகிறது, எது விடுகிறது என்று ஒவ்வொன்றாக அளந்தார். நைட்ரஜன், ஆக்சிஜன் கிட்டத்தட்ட ஒன்றுமே விழுங்கவில்லை. 1896-இல் ஸ்வீடனின் அர்ரீனியஸ் கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை டிகிரி ஏறும் என்று கையாலேயே கணக்குப் போட்டுவிட்டார். நம் முன்னோர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலம் அது.

அப்புறம் அந்த நாலு பங்கு ஒரு காலத்தில் மூன்றுகூட இல்லை. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் பத்து லட்சத்தில் 280. 1958-இல் ஹவாயின் மௌனா லோவாவில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில். இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பாதி மடங்கு கூடியிருக்கிறது.

21 ஜனவரி

இன்று போர்ட் லூயியில் வேலை. பகல் 12:20 வாக்கில் விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே காணாமல் போயிற்று. சூரியன் நேர் உச்சி. வருடத்தில் இரண்டு முறை நமக்கு இது நடக்கும், நவம்பர் மூன்றாம் வாரக் கடைசியிலும் இப்போதும். தம்பி, படம் எடுத்துப் போடுவதாகச் சொன்னீர்களே, போனீர்களா?

ஆனால் பாருங்கள், அதிக வெக்கை இன்றைக்கு இல்லை. அது பிப்ரவரியில் வரும். கடல் சூடேற நேரமாகும், தீவு கடலைத்தான் கேட்டு நடக்கும். மொரீஷியஸில் கோடைச் சராசரி 24.7, குளிர்காலச் சராசரி 20.4. வித்தியாசம் வெறும் 4.3 டிகிரி. தில்லிக்காரரிடம் இதைக் குளிர்காலம் என்று சொல்லிப் பாருங்கள்.

12 பிப்ரவரி

நேற்று காவடி. கோர் த கார்த் மலையடிக் கோயிலுக்குப் போகிற வழி. பால் குடத்தோடு வெறுங்காலில் வருகிறவர்களுக்குத் தார்ச் சாலையில் வீட்டுக்காரர்கள் குழாய் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். என் பையில் எப்போதும் வெப்பம் பார்க்கிற துப்பாக்கி கிடக்கும், டாங்கியில் எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்கு. சும்மா இருக்க முடியவில்லை. காய்ந்த தார் 58 டிகிரி. ஒரு சாண் தள்ளி வெள்ளைக் கோடு 44. தண்ணீர் ஊற்றிய இடம் 35. கூட்டத்தில் அனுபவசாலிகள் எல்லாரும் வெள்ளைக் கோட்டின் மேலேயே நடந்தார்கள். பக்தி ஒரு பக்கம், எதிரொளிப்பு ஒரு பக்கம்.

வடதுருவப் பனி உருகுவதைப் பற்றி ஏன் கவலைப்படுகிறார்கள் என்பதற்கு இந்தக் கோடு போதும். வெள்ளையை எடுத்துவிட்டுக் கறுத்த கடல் நீரைக் காட்டினால் வெயில் உள்ளே போய்விடும்.

அப்படியே துப்பாக்கியை வானத்துக்குத் திருப்பினேன். மேகம் இல்லாத இடத்தில் 4 டிகிரி காட்டியது. பக்கத்தில் ஒரு மேகத்தைக் குறி வைத்தால் 17. ஜூலை இரவில் மேட்டு ஊரான கூர்ப்பிப்பில் இதே துப்பாக்கி பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும், அங்கே அப்போது காற்றில் ஈரம் குறைவு. வானம் ஒன்றுமில்லாத வெறுமை என்றால் இந்த எண்ணெல்லாம் மைனஸ் 270 பக்கம் இருந்திருக்க வேண்டும். மேலே எதுவோ இருந்து நம்மை நோக்கி வெப்பக் கதிர் விட்டுக்கொண்டிருக்கிறது. உலகச் சராசரியில் தரை நேரடியாகச் சூரியனிடம் உறிஞ்சுவது சதுர மீட்டருக்கு 160 வாட் அளவு. காற்று மண்டலத்திலிருந்து கீழே வரும் வெப்பக் கதிர் 340 அளவு. இரண்டு மடங்கு! இதை முதன்முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

பிறகு ஏழு கறி. வாழையிலையில் பூசணி, பலாக்காய், ரசம். விவாதத்துக்குச் சம்பந்தமில்லை, ஆனால் எழுதாமல் விட மனசு வரவில்லை.

13 பிப்ரவரி

துப்பாக்கி பற்றி ஒரு வால். அந்தக் கருவி 8 முதல் 14 மைக்ரான் (மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள கதிரை மட்டும் பார்க்கும்படி செய்தது. வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், ஏனென்றால் அந்த ஜன்னலில் காற்று அதிகம் குறுக்கே வராது. கரியமில வாயு பலமாக விழுங்குவது 15 மைக்ரானில். ஆக முந்தாநாள் பார்த்த 4-க்கும் 17-க்கும் காரணம் பெரும்பாலும் நீராவியும் மேகமும். கரியமில வாயுவை இதை வைத்துப் பிடித்துவிட்டேன் என்று யாரும் காணொளி போட வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் தயாராவதாகத் தெரிகிறது.

15 பிப்ரவரி

ஐயா எழுதியிருக்கிறார்: "இந்த வாயுவெல்லாம் உன் சோஃபோ சொலேர் மேல இருக்கிற கண்ணாடி மாதிரின்னு சொல்ல வேண்டியதுதானே, சுலபமா புரியுமே."

பாதி பொருந்தும் ஐயா. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், உள்ளிருந்து வரும் அகச்சிவப்பை நிறுத்தும், அதுவரை சரி. ஆனால் எங்கள் தகட்டில் கண்ணாடி செய்கிற பெரிய உபகாரம் காற்று உள்ளே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகாமல் தடுப்பது. கல் பட்டுக் கண்ணாடி உடைந்த வீடுகளில் பார்த்திருக்கிறேன், தென்கிழக்குக் காற்று அடித்தால் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டாது. வானத்தில் மூடி எதுவும் இல்லை. காற்று தாராளமாக மேலே போகிறது, இடி மழை ஆகிறது. அங்கே நடப்பது வேறு, அதை அடுத்த முறை எழுதுகிறேன்.

2 மார்ச்

வாக்கொவாவிலிருந்து எழுதும் அண்ணன் நல்ல கேள்வி ஒன்று போட்டிருக்கிறார். கரியமில வாயு விழுங்க வேண்டிய கதிரையெல்லாம் ஏற்கெனவே விழுங்கிவிட்டது, இனி எவ்வளவு சேர்த்தால் என்ன, நிறைந்த குடம்தானே என்று. 1900-இலேயே ஆங்ஸ்ட்ராம் என்ற விஞ்ஞானி அர்ரீனியஸைப் பார்த்து இதையேதான் சொன்னார், பல வருடம் எல்லாரும் அதை நம்பிக்கொண்டும் இருந்தார்கள். அதனால் அண்ணன் நல்ல சகவாசத்தில்தான் இருக்கிறார்.

பதிலுக்குப் போர்ட் லூயியிலிருந்து கூர்ப்பிப்புக்குப் பஸ் ஏறுங்கள். கீழே சட்டை ஒட்டும். மேலே இறங்கினால் ஸ்வெட்டர் தேடும், பாதி நாள் தூறல் வேறு. ஏறியது 550 மீட்டர்தான், குறைவது மூன்று நாலு டிகிரி. காற்று மண்டலத்தில் சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும்.

இப்போது பூமியின் வெப்பம் எங்கிருந்து விண்வெளிக்குத் தப்பிக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து இல்லை (அந்த 8–14 ஜன்னல் வழியாகக் கொஞ்சம் போகும்). விழுங்கி, விட்டு, மறுபடி விழுங்கி, மேலே ஏறி, வாயு மெலிந்து இனி மேலே தடுக்க ஆள் இல்லை என்ற உயரத்திலிருந்துதான் போகிறது. சராசரியாக அது 5 கிலோமீட்டர் பக்கம். அங்கே வெப்பநிலை மைனஸ் 18. ஐந்தை 6.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், 33 பக்கம் வரும். ஜனவரி 9-ஆம் தேதி கிடைத்த அதே 33.

வாயுவைக் கூட்டினால் அந்த உயரம் இன்னும் மேலே நகரும். மேலே குளிர். குளிர்ந்த இடத்திலிருந்து குறைவாகத்தான் கதிர் வெளியேறும். வருவது 240, போவது அதற்கும் குறைவு. மீதி உள்ளே சேரும், அந்தப் புதிய உயரமும் மைனஸ் 18-ஐ எட்டும்வரை கீழே எல்லாம் சூடேறும். கீழே விழுங்குவது நிறைந்துவிட்டதா இல்லையா என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. மேல் விளிம்பு எங்கே என்பதுதான் கேள்வி, அண்ணே.

இரட்டிப்பாகும்போது ஏறுகிற அளவுதான் முக்கியம் என்பதும் உண்மை. 280-இலிருந்து 560 போவதற்கும் 560-இலிருந்து 1,120 போவதற்கும் தாக்கம் ஏறக்குறைய ஒன்றே, சதுர மீட்டருக்குச் சுமார் 4 வாட். போகப் போக ஒவ்வொரு கூடுதல் பங்கின் வேலையும் குறையும். குறையும், நிற்காது.

20 மார்ச்

சூரியனே பிரகாசம் கூடியிருந்தால்? ஐயா விடுவதாக இல்லை. நியாயமான சந்தேகம், இதைத் தள்ளிவிடக் கூடாது.

1978-இலிருந்து செயற்கைக்கோள்கள் சூரியனை அளக்கின்றன. சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் 11 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும்போது அந்த 1,361 வாட்டில் ஏற்ற இறக்கம் 0.1 சதவீதம். ஏறுகிறது, இறங்குகிறது, அவ்வளவுதான். மேல்நோக்கிய போக்கு இல்லை. 2014 பக்கம் உச்சம் தொட்ட சுழற்சி கிட்டத்தட்ட நூறு வருடத்தில் மிகப் பலவீனமானது. அதை ஒட்டி வந்த 2015-உம் 2016-உம் அதுவரை இல்லாத சூடான வருடங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் படுவது வேறு ஒன்று. சூரியன் பலமானால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடேற வேண்டும். நடப்பதோ, தரையை ஒட்டிய அடுக்கு சூடேறுகிறது, அதற்கு மேலே 50 கிலோமீட்டர் வரை போகும் அடுக்கு குளிர்ந்துகொண்டே வருகிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று 1967-லேயே விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மனாபேவுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது, தொண்ணூறு வயதில்.

திருடன் கைரேகை விட்டுப் போயிருக்கிறான். அது சூரியனுடைய கை இல்லை.

21 மார்ச்

கரும்புள்ளி கிட்டத்தட்ட இல்லாமல் போன 1645–1715 காலத்தில் ஐரோப்பாவில் கடுங்குளிர் இருந்ததே என்று கேட்கிறார்கள். இருந்தது. அந்தக் குளிர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, எரிமலைகளுக்கும் அதில் பங்கு உண்டு. சூரியனுக்குப் பங்கே இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

3 ஏப்ரல்

பக்கத்துத் தீவான ரெயூனியனில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் இதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். "எங்க பித்தோன் த லா ஃபுர்னேஸ் எரிமலை வருஷத்துக்கு வருஷம் கக்குது, அதைக் கணக்குல எடுத்தீங்களா மாப்பிள்ளை?"

எடுத்தோம் மச்சான். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு விடும் கரியமில வாயு, மனிதன் எரித்து விடுவதில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. மனிதனுடையது இப்போது ஆண்டுக்கு 3,700 கோடி டன் பக்கம். அது நம்முடையதுதான் என்பதற்கு அடையாளமும் உண்டு. நிலக்கரி, எண்ணெய் எல்லாம் கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்கடியில் கிடந்தவை. காலம் போகப் போகத் தானாக அழியும் கார்பன் வகையான கார்பன்-14 அவற்றில் முழுக்க அழிந்துபோயிருக்கும். காற்றில் அந்தப் பழைய கார்பன் கலந்து கார்பன்-14 நீர்த்துப்போவதை 1950களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கூடவே ஆக்சிஜன் அளவும் எரித்த கணக்குக்குத் தக்கபடி துளித்துளியாகக் குறைகிறது. எரிமலை கக்கினால் ஆக்சிஜன் ஏன் குறைய வேண்டும்?

பெரிய எரிமலை வெடித்தால் உடனே நடப்பது குளிர்ச்சி. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டூபோ வெடித்து, கந்தகத் துகள் மேலடுக்கில் பரவி வெயிலைத் திருப்பி அனுப்பியது. உலகச் சராசரி அரை டிகிரி அளவு இறங்கி, இரண்டு வருடத்தில் பழையபடி ஏறிவிட்டது.

மச்சானுக்கு இன்னொன்று. உங்கள் தீவிலிருந்து கப்பல் போகிற ஆம்ஸ்டர்டாம் தீவில், தெற்கு இந்தியப் பெருங்கடலின் நட்ட நடுவில், 1980களிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கரியமில வாயுவை அளக்கிறார்கள். சுற்றி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தொழிற்சாலை கிடையாது. அங்கேயும் கோடு மேலேதான் போகிறது.

8 மே

அம்மா போன். அக்னி நட்சத்திரமாம், மோட்டார் போட்டால் குழாயில் வெந்நீர் வருகிறதாம், "நீ விக்கிற சாமான் இங்க எதுக்குடா" என்று கேட்கிறார். நான் இங்கே கம்பளி தேடிக்கொண்டிருக்கிறேன். நம் பஞ்சாங்கத்தை இந்தத் தீவில் மாட்டி வைத்தால் நாள் நட்சத்திரம் சரியாக இருக்கும், வெயில் மட்டும் ஆறு மாதம் தள்ளி வரும். சித்திரை வெயில் என்று பாடப் புத்தகத்தில் வந்தால் ரோஸ் ஹில் ஊரில் பாடம் நடத்தும் அக்கா பிள்ளைகளுக்கு எப்படி விளக்குகிறாரோ.

இந்த வெக்கை விஷயத்தில் நீராவியைச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று அக்காவே கேட்டிருக்கிறார். நீராவிதான் இருப்பதிலேயே பெரிய வெப்பம் பிடிக்கும் வாயு, கரியமில வாயுவைவிடப் பங்கு அதிகம். ஆனால் அது தானாக முடிவெடுப்பதில்லை. காற்றில் அளவுக்கு மேல் ஏற்றினால் சில நாளில் மழையாகக் கொட்டிவிடும். எவ்வளவு தங்கலாம் என்பதை வெப்பநிலை சொல்லும்: ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும். கரியமில வாயு முதலில் கொஞ்சம் சூடேற்றுகிறது, நீராவி கூடுகிறது, அது இன்னும் சூடேற்றுகிறது. கரியமில வாயு போட்டது ஒரு பங்கு என்றால் நீராவி அதை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது.

தாங்குவது கூடினால் கொட்டும்போதும் கூடும். மழையில் நம் பக்கம் உலகச் சாதனைக்காரர்கள் இருக்கிறார்கள்: 2007 பிப்ரவரியில் கமேட் புயலின்போது ரெயூனியனின் கொமெர்சோன் பள்ளத்தில் மூன்று நாளில் 3,929 மில்லிமீட்டர். கோயம்புத்தூருக்கு அது ஐந்தாறு வருட மழை. மச்சான் இதற்கு மட்டும் பெருமைப்படலாம். 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயியில் பெய்ததை யாரும் பெருமையாகச் சொல்ல மாட்டோம். அன்றைய வெள்ளத்தில் ஆட்கள் இறந்துபோன சுரங்க நடைபாதை வழியே இப்போதும் மழை நாளில் நான் போவதில்லை.

9 ஜூன்

ஓசோனில் ஓட்டை விழுந்து அது வழியாகச் சூடு இறங்குகிறது என்று ஒருவர். இரண்டு வேறு கதை. ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், தோலுக்கும் கண்ணுக்கும் அதுதான் காவல். குளிர்சாதனப் பெட்டி வாயுவால் அது அரிபட்டது, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல ஆறி வருகிறது. ஜனவரியில் மாடியில் வேலை செய்யும் என் பையன்களுக்குத் தொப்பி கட்டாயம். போடாதவனுக்குக் கூலி கிடையாது என்று சொன்ன பிறகுதான் போடுகிறார்கள்.

22 ஜூன்

ஐயா பக்கம் உண்மையாகவே பலமாக நிற்கிற வாதம் ஒன்று இருக்கிறது, அவரே இன்னும் அதை எடுக்கவில்லை, அதனால் நானே எடுத்துக் கொடுக்கிறேன். பனியுகங்கள்.

பூமியின் சாய்வு 41,000 வருடச் சுழற்சியில் கொஞ்சம் கூடிக் குறைகிறது. பாதையின் நீள்வட்டம் ஒரு லட்சம் வருட அளவில் மாறுகிறது. சூரியனுக்கு அருகில் வரும் நாளும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தக் காலத்தில் அது ஜனவரியில் வருகிறது, சுமார் பத்தாயிரம் வருடத்துக்கு முன் அது வடக்கின் கோடையில் விழுந்தது. அப்போது சஹாராவில் புல்வெளியும் ஏரியும் இருந்தன. நீங்கள் முதல் நாள் சொன்ன தூரத்தால் வரும் அந்த 7 சதவீதம் நிஜமாகவே பாலைவனத்தைப் பசுமையாக்கியிருக்கிறது ஐயா, ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான வருடம் பிடிக்கும். நூறு வருடத்தில் அது நகர்வது கண்ணுக்கே தெரியாது.

அந்தப் பனியுகங்களிலும் வாயு சும்மா இல்லை. அண்டார்டிகா பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழியை எடுத்துப் பார்த்தால், பனியுகக் காலங்களில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 பக்கம், இதமான காலங்களில் 280. முதலில் சூரியக் கோணம் தள்ளிவிடுகிறது, பிறகு கடல் கரியமில வாயுவை விடுகிறது, அது சூட்டை உலகம் முழுக்கப் பரப்புகிறது. வெப்பம் முந்தியது, வாயு பிந்தியது என்று சொல்லி வாயுவை விடுதலை செய்யப் பார்க்கிறார்கள். பிந்தி வந்தாலும் வேலை செய்யும். இந்த முறை அது முந்தியே வந்துவிட்டது.

23 ஜூன்

வெள்ளிக் கிரகம் பற்றித் தம்பிக்கு: சூரியனுக்கு நம்மைவிட அருகில்தான், ஆனால் வெள்ளை மேகம் முக்கால்வாசி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அது உள்ளே வாங்கும் வெயில் நம்மைவிடக் குறைவு. தரையில் 460 டிகிரிக்கு மேல். காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு, அதுவும் நம் காற்றைப்போல் தொண்ணூறு மடங்கு அழுத்தத்தில்.

27 ஜூலை

ஐயா இன்று காலை எழுதியது: "சரி, வாயுவை ஒத்துக்கிறேன். ஆனா எவ்வளவு சூடேறும்னு உங்களால உறுதியா சொல்ல முடியலையே?"

அது மேகத்தால் வரும் சிக்கல். கரியமில வாயு இரட்டிப்பானால் 2.5 முதல் 4 டிகிரிக்குள், பெரும்பாலும் 3 பக்கம் என்று 2021 ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அந்த இடைவெளியில் பெரும் பகுதி மேகத்துக்குச் சொந்தம். தாழ்ந்த தடித்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிர்விக்கும். உயரத்து மெல்லிய மேகம் வெயிலை விட்டுவிட்டு அகச்சிவப்பைப் பிடித்துச் சூடேற்றும். சூடு கூடக் கூட எது எவ்வளவு மாறும் என்பதில்தான் விஞ்ஞானிகள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தாழ்ந்த மேகம் சில இடங்களில் குறைந்து சூட்டைக் கூட்டும் என்ற பக்கம்தான் இப்போது எடை சாய்கிறது.

ஆனால் ஐயா, சண்டை 2.5-ஆ 4-ஆ என்பதில். பூஜ்யம் என்று யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் மாடியில் போன மாதம் நான் பார்த்த தகட்டை வடக்கே திருப்பச் சொல்லியிருந்தேன், இன்னும் ஆள் கூப்பிடவில்லை. அதற்கு ஐ.நா. அறிக்கை வேண்டாம், வெள்ளிக்கிழமை பையனை அனுப்புகிறேன்.